சதை டெஸ்ட் எடுக்கச் சொன்னால்: பார்மலின் பாட்டிலிலிருந்து ரிப்போர்ட் வரை

கன்னத்தின் உட்புறத்தில் வெள்ளைத் திட்டு, ஆறாத வாய்ப்புண், கருப்பை வாயில் ஒரு மாற்றம், எண்டோஸ்கோப்பியில் தெரிந்த சிறு தடிப்பு. எதுவானாலும் மருத்துவர் அடுத்துச் சொல்வது இதுதான்: “கொஞ்சம் சதை எடுத்து டெஸ்டுக்கு அனுப்பிவிடலாம்.” கேட்டவுடன் பயம்தான் முந்திக்கொண்டு வரும். எந்தப் படிவம், எந்தப் பாட்டில், யார் கொண்டுபோய்க் கொடுப்பது, முடிவு எப்போது வரும், வந்த காகிதத்தில் உள்ள சொற்களுக்கு என்ன பொருள் என்றெல்லாம் கேட்கத் தோன்றாது. என் அப்பாவுக்கு வாயில் சதை எடுத்தபோது இவை ஒவ்வொன்றையும் அலைந்துதான் தெரிந்துகொண்டோம். அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம். சதை எடுத்துச் செய்யும் இந்தப் பரிசோதனைக்குப் பயாப்சி என்று பெயர். வாய்ப் பயாப்சியை வைத்தே சொல்கிறேன். மற்ற உறுப்புகளுக்கு வேறுபடும் இடங்களில் அதையும் குறிப்பிடுகிறேன்.

1. எடுக்கப்போவது எந்தத் திசு என்று தெரிந்துகொள்ளுங்கள்

தோலின் மேற்பரப்பையும் வாய், உணவுக்குழாய், குடல், மூச்சுக்குழாய், சிறுநீர்ப்பை ஆகியவற்றின் உட்பரப்பையும் மூடியிருப்பது எபிதீலியம். தமிழ்நாட்டுப் பள்ளிப் புத்தகத்தில் எபிதீலியத் திசு என்றும், இலங்கையில் மேலணி இழையம் என்றும் படித்திருப்பீர்கள். இதன் செல்கள் இடைவெளியில்லாமல் நெருங்கி ஒட்டியிருக்கும். இதற்குள் இரத்தக்குழாய் கிடையாது. அடியில் அடித்தளச் சவ்வு என்ற மெல்லிய படலம் உண்டு. வயலுக்கு வரப்பு போல அது எல்லை கட்டி நிற்கிறது. அதற்குக் கீழேதான் இணைப்புத் திசு, இரத்தக்குழாய், நிணநீர்க்குழாய், நரம்பு எல்லாம் உள்ளன. கெட்ட செல்கள் அந்த எல்லைக்கு மேலேயே இருக்கின்றனவா, தாண்டிவிட்டனவா என்பதுதான் ரிப்போர்ட்டின் மையக் கேள்வி. இந்த ஒன்று மனத்தில் பதிந்தால் மற்றவை தாமாக விளங்கும்.

இடத்துக்கு இடம் எபிதீலியம் மாறும். வாய், உணவுக்குழாய், கருப்பை வாயின் வெளிப்பக்கம் ஆகியவற்றில் இருப்பது பல அடுக்குத் தட்டை எபிதீலியம்; ரிப்போர்ட்டில் ‘ஸ்ட்ராட்டிஃபைடு ஸ்குவாமஸ்’ என்று வரும். இரைப்பையிலும் குடலிலும் ஒற்றை அடுக்குத் தூண் வடிவச் செல்கள். மூச்சுக்குழாயில் குறுயிழைகள் கொண்ட தூண் செல்கள். சிறுநீர்ப்பையில் விரிந்து சுருங்கும் யூரோதீலியம். உங்கள் ரிப்போர்ட்டில் அந்த இடத்துக்குரிய பெயர் வந்தால் பயப்பட ஒன்றுமில்லை; அது நோயின் பெயரன்று, இடத்தின் இயல்பு. ‘ஸ்குவாமஸ்’ என்ற சொல்லைப் பார்த்ததுமே புற்றுநோய் என்று முடிவுகட்டி அழுதவர்களைப் பார்த்திருக்கிறேன்.

2. எந்த வகை மாதிரி என்று கேளுங்கள்

ஊசியால் செல்களை உறிஞ்சி எடுப்பது எஃப்.என்.ஏ.சி.; ஊசி டெஸ்ட் என்பார்கள். கழுத்துக் கட்டி, தைராய்டு, மார்பகக் கட்டி ஆகியவற்றுக்கு இதைத்தான் முதலில் செய்வார்கள். இதில் செல்கள் உதிரியாகத்தான் வரும். அடுக்கும் அடித்தளச் சவ்வும் வராது. ஆகவே எல்லை தாண்டியதா என்ற கேள்விக்கு ஊசி டெஸ்ட் பதில் சொல்லாது. அதற்குத் துண்டாகச் சதை வேண்டும். புண்ணின் ஒரு பகுதியை மட்டும் வெட்டி எடுப்பது ஒரு வகை, சிறிய புண்ணை முழுவதுமாக எடுத்துவிடுவது இன்னொரு வகை. உங்களுக்குச் செய்வது எது என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ரிப்போர்ட்டில் ‘மார்ஜின்’, அதாவது வெட்டிய விளிம்பு, பற்றி எழுதியிருந்தால் அதன் பொருள் இதைப் பொறுத்தே மாறும்.

வாயில் எடுப்பது பெரும்பாலும் மரத்துப்போகும் ஊசி போட்டுச் சில நிமிடங்களில் முடிந்துவிடும். ஆனால் போவதற்கு முன்பே இவற்றைச் சொல்லிவிடுங்கள்: ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், வார்ஃபரின் போன்ற இரத்தத்தை இளக்கும் மாத்திரைகள், சர்க்கரை நோய், மரத்துப்போகும் ஊசிக்கு முன்பு ஒவ்வாமை வந்திருந்தால் அது. இரத்தம் இளக்கும் மாத்திரையை நீங்களாக நிறுத்தவே நிறுத்தாதீர்கள். ஸ்டென்ட் வைத்தவருக்கு அது உயிருக்கே ஆபத்தாகலாம். இதய மருத்துவரிடம் கேட்டுத்தான் முடிவு எடுக்க வேண்டும்.

“கத்தி பட்டால் பரவிவிடும்” என்று உறவினர் ஒருவர் கட்டாயம் சொல்வார். அதைக் கேட்டு மாதக்கணக்கில் தள்ளிப்போடாதீர்கள். தள்ளிப்போடும் காலத்தில்தான் நோய் பரவ வழியுண்டு. வாய்ப்புண் இரண்டு மூன்று வாரங்களில் ஆறவில்லை என்றால் மருத்துவரிடம் காட்ட வேண்டும் என்பது பொது விதி.

3. ஆவணங்களும் படிவமும்

அரசு மருத்துவமனையானால் ஓ.பி. சீட்டு, ஆதார், பழைய மருந்துச் சீட்டுகள், முன்பு எடுத்த ஸ்கேன், பழைய பயாப்சி ரிப்போர்ட் இருந்தால் அதுவும் வேண்டும். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை இல்லாதவர்கள் இந்தக் கட்டத்திலேயே அதற்கு முயலுங்கள். குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். குடும்ப அட்டை, ஆதார், வருமானச் சான்று தேவை. மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டுத் திட்ட மையத்தில் பதியலாம். ரிப்போர்ட் வந்த பிறகு ஓடினால் சிகிச்சை தொடங்க வேண்டிய வாரத்தில் சான்றிதழுக்காக வரிசையில் நிற்க நேரும்.

பெயரில் ஒரு சிக்கல் உண்டு. ஆதாரில் தந்தை பெயர் முழுதாகப் பின்னால் இருக்கும், ஓ.பி. சீட்டில் முன்னெழுத்து மட்டும் முன்னால் இருக்கும், பாட்டிலில் முன்னெழுத்தே இருக்காது. பிறகு காப்பீட்டுக்கு அனுப்பும்போது மூன்றும் ஒரே ஆளுடையவை என்று நிரூபிக்க வேண்டிவரும். ஆதாரில் உள்ளபடியே எல்லா இடத்திலும் எழுதச் சொல்லுங்கள்.

மாதிரியுடன் போகும் கோரிக்கைப் படிவத்தை நிரப்புவது மருத்துவரின் வேலைதான். ஆனாலும் அதை ஒருமுறை வாங்கிப் பாருங்கள். வயது, பாலினம், சதை எடுத்த இடம், இடப்பக்கமா வலப்பக்கமா, எவ்வளவு காலமாக இருக்கிறது, புகையிலை, பாக்கு, மது பழக்கம், முன்பு கதிர்வீச்சு எடுத்திருந்தால் அது, மருத்துவரின் சந்தேகம் ஆகிய அனைத்தும் இருக்க வேண்டும். கருப்பைப் பரிசோதனையானால் கடைசி மாதவிடாய்த் தேதியும் அவசியம். ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், கண்ணாடித் தகட்டைப் பார்க்கும் நோய்க்குறியியல் மருத்துவர் நோயாளியைப் பார்ப்பதில்லை. கன்னத்தின் உட்புறத்தில் இயல்பாகவே கெரட்டின் என்ற கடினப் புரதத்தாலான மேலடுக்கு இல்லை. ஈறிலும் மேல் அண்ணத்திலும் உண்டு. ஒரே தோற்றம் ஓரிடத்தில் இயல்பு, இன்னோரிடத்தில் மாற்றம். “வாய்” என்று மட்டும் எழுதியனுப்பினால் அவரால் எப்படிச் சரியாகச் சொல்ல முடியும்?

4. பாட்டில்: அதிகம் கோட்டைவிடும் இடம்

எடுத்த சதை உடனடியாகப் பத்து சதவீத பார்மலின் கரைசலுக்குள் போக வேண்டும். வெட்டிய நொடியிலிருந்து செல்கள் தாமாகவே சிதையத் தொடங்குகின்றன. பார்மலின்தான் அதை நிறுத்துகிறது. ஒரு சிறு மருத்துவமனையில் அப்பாவின் சதைத்துண்டைச் சலைன் பாட்டிலில் போட்டு மறுநாள் காலைவரை மேசையில் வைத்திருந்தார்கள். செல்கள் சிதைந்துவிட்டன, கருத்துச் சொல்ல இயலாது என்று ரிப்போர்ட் வந்தது. வயதான மனிதருக்கு மறுபடியும் வாயில் வெட்டினார்கள். அந்தக் கோபம் எனக்கு இன்னும் தணியவில்லை. ஆகவே தயங்காமல் கேளுங்கள்: “இது பார்மலின்தானே?”

பார்மலின் அளவு சதையைப் போலக் குறைந்தது பத்து மடங்காவது இருக்க வேண்டும். பாட்டில் அகன்ற வாயுடையதாக இருக்கட்டும். மென்மையாக உள்ளே போன சதை பார்மலினில் விறைத்துவிடும். குறுகிய வாய் வழியே அதைச் சேதமில்லாமல் எடுக்க முடியாது. உலர்ந்த பஞ்சிலோ துணியிலோ சுற்றக் கூடாது. ஐஸில் வைக்கவோ உறைய வைக்கவோ கூடாது. பெயர்ச் சீட்டு மூடியில் அல்ல, பாட்டிலின் உடம்பில் ஒட்டியிருக்க வேண்டும். மூடி மாறினால் ஆளே மாறிப்போவார். இரண்டு இடங்களில் எடுத்தால் இரண்டு பாட்டில், ஒவ்வொன்றிலும் இடத்தின் பெயர்.

விதிவிலக்கு இரண்டு. வாயிலும் தோலிலும் கொப்புளம் வரும் பெம்ஃபிகஸ் போன்ற நோய்களைச் சந்தேகித்து இம்யூனோஃப்ளோரசன்ஸ் (திசுவில் படிந்த எதிர்ப்புரதங்களை ஒளிரச் செய்து பார்க்கும் பரிசோதனை) கேட்டிருந்தால் அதற்கான துண்டு பார்மலினில் போகவே கூடாது. அதற்கென்று தனிக் கரைசல் உண்டு, ஆய்வகத்தில் முன்கூட்டியே வாங்கி வைக்க வேண்டும். காசநோய்க் கிருமியை வளர்த்துப் பார்ப்பதற்கான துண்டும் பார்மலினில் போகக் கூடாது, அங்கே கிருமி செத்துவிடும். காசநோய்த் துண்டுக்குச் சலைன் கேட்பது சரியே.

பாட்டிலை உங்கள் கையில் கொடுத்து ஆய்வகத்துக்கு எடுத்துப்போகச் சொல்வது நம் ஊரில் சாதாரணம். மூடியை இறுக்கி, பிளாஸ்டிக் பைக்குள் வைத்து, நிமிர்ந்த நிலையில் கொண்டுபோங்கள். பார்மலின் கண்ணையும் தொண்டையையும் எரிக்கும்; குழந்தைகள் கைக்கு எட்டக் கூடாது. கொடுத்ததும் ஆய்வக எண் எழுதிய ரசீது வாங்காமல் திரும்பாதீர்கள்.

5. செலவு

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் நோய்க்குறியியல் துறை இருக்கிறது. பரிசோதனைக்குக் கட்டணம் இல்லை. வாய் சம்பந்தப்பட்டதானால் பல் மருத்துவக் கல்லூரிகளும் நல்ல வழி. சென்னை அரசுப் பல் மருத்துவக் கல்லூரி போன்ற இடங்களில் வாய் நோய்க்குறியியலுக்கென்றே தனித் துறை உண்டு.

தனியாரில் செலவு மூன்று துண்டாக வரும். சதை எடுக்கும் கட்டணம் மருத்துவமனைக்கு. பரிசோதனைக் கட்டணம் ஆய்வகத்துக்கு. சிறப்புச் சாயங்கள் தேவைப்பட்டால் அது தனி. முதல் இரண்டையும் சேர்த்துச் சொல்கிறார்களா என்று முன்பே கேளுங்கள். மூன்றாவதுதான் பலரைத் திகைக்க வைக்கிறது. செல்லில் உள்ள குறிப்பிட்ட புரதங்களைச் சாயமேற்றிக் கண்டறியும் ஐ.எச்.சி. என்ற பரிசோதனையில் ஒவ்வொரு குறியீட்டுப் புரதத்துக்கும் தனித்தனியாகக் கட்டணம். நான்கைந்து கேட்டால் முதல் பரிசோதனையைவிடப் பல மடங்கு ஆகிவிடும். சொல்லாமல் செய்துவிட்டுப் பணம் கேட்கக் கூடாது என்று முன்கூட்டியே தெரிவித்துவிடுங்கள். ஆய்வகத்துக்கு என்.ஏ.பி.எல். (ஆய்வகங்களின் தரத்தை மதிப்பிடும் தேசிய வாரியம்) அங்கீகாரம் இருக்கிறதா, அது திசுப் பரிசோதனைக்கும் பொருந்துமா என்பதையும் கேட்கலாம். இரத்தப் பரிசோதனைக்கு மட்டும் அங்கீகாரம் பெற்ற ஆய்வகங்கள் உண்டு.

6. எத்தனை நாள் ஆகும்

“சர்க்கரை டெஸ்ட் மாலையே வருகிறதே, இதற்கு ஏன் இத்தனை நாள்?” என்று ஆய்வகத்தில் சண்டைபோட வேண்டாம். சதை முதலில் பார்மலினில் பல மணி நேரம் ஊற வேண்டும். பிறகு நீரை அகற்றி, மெழுகை ஊடுருவச் செய்து, மெழுகுக் கட்டியாக வார்க்கிறார்கள். பெரும்பாலும் ஓர் இரவு இதற்கே போகும். அந்தக் கட்டிதான் பிளாக். அதை மூன்று முதல் ஐந்து மைக்ரான் தடிமனில் சீவி, கண்ணாடித் தகட்டில் ஒட்டிச் சாயமேற்றுகிறார்கள். உட்கரு நீலமாகவும் சைட்டோபிளாசம் இளஞ்சிவப்பாகவும் தெரியும். அதன் பிறகுதான் மருத்துவர் பார்க்கிறார்.

தனியாரில் மூன்று முதல் ஐந்து வேலை நாட்கள், அரசு மருத்துவமனையில் ஒரு வாரமோ அதற்குச் சற்று மேலோ என்று எண்ணிக்கொள்ளுங்கள். எலும்பு சேர்ந்திருந்தால் சுண்ணாம்பை நீக்கக் கூடுதல் நாட்கள். ஐ.எச்.சி. கேட்டால் இன்னும் சில நாட்கள். வெள்ளி மாலை கொடுத்தால் ஞாயிறு குறுக்கே வரும். வாரத் தொடக்கத்தில் எடுக்க முடிந்தால் நல்லது. பத்து நாள் தாண்டியும் பதில் இல்லையென்றால் ரசீதுடன் நேரில் போய்க் கேளுங்கள்.

7. ரிப்போர்ட்டைப் படிக்கும் வரிசை

எல்லோரும் முதலில் கடைசி வரிக்குத் தாவுகிறார்கள். வேண்டாம். பெயர், வயது, இடம், பக்கம், எத்தனை துண்டுகள் வந்தன என்பதைச் சரிபாருங்கள். மருத்துவர் இரண்டு துண்டு அனுப்பி, ரிப்போர்ட்டில் ஒன்று என்றிருந்தால் அங்கேயே நிறுத்திக் கேட்க வேண்டும். அடுத்து, மாதிரி போதுமானதா என்று பாருங்கள். ‘இன்அடிக்குவேட்’ என்றிருந்தால் அது ‘நோய் இல்லை’ என்பதாகாது. மறுபடி எடுக்க வேண்டும் என்பதே பொருள்.

பிறகு எபிதீலியம் பற்றிய வரிகள். தடிமன் சம்பந்தப்பட்ட சொற்கள் முதலில் வரும். ஹைப்பர்கெரட்டோசிஸ் என்றால் மேலே கெரட்டின் அடுக்கு தடித்திருக்கிறது. பாராகெரட்டோசிஸ் என்றால் அந்தக் கெரட்டினில் உட்கருக்கள் மறையாமல் தங்கியிருக்கின்றன. அகாந்தோசிஸ் என்றால் நடு அடுக்கு தடித்திருக்கிறது. அட்ராஃபி என்றால் மெலிந்திருக்கிறது. ஹைப்பர்பிளேசியா என்றால் செல்களின் எண்ணிக்கை கூடியிருக்கிறது. இவை எதுவும் புற்றுநோயின் பெயர் அல்ல. கூர்மையான பல் உரசிக்கொண்டே இருந்தாலும் இப்படித் தடிக்கும். ‘லூக்கோபிளேக்கியா’ என்று மருத்துவர் சொன்னது ரிப்போர்ட்டில் இல்லையே என்று குழம்பாதீர்கள்; அது கண்ணால் பார்க்கும் வெள்ளைத் திட்டுக்கு வைத்த பெயர், நுண்ணோக்கியில் தெரிவதன்று.

மெட்டாபிளேசியா என்றால் ஒருவகை எபிதீலியம் இருக்க வேண்டிய இடத்தில் இன்னொரு வகை வந்திருக்கிறது. புகைபிடிப்பவரின் மூச்சுக்குழாயில் குறுயிழைச் செல்களுக்குப் பதில் தட்டைச் செல்கள் வருவதும், நீண்டகால அமில எதிர்க்களிப்பால் உணவுக்குழாயின் அடிப்பகுதியில் தட்டைச் செல்களுக்குப் பதில் குடலில் இருப்பவை போன்ற தூண் செல்கள் வருவதும் இதுவே. மெட்டாஸ்டாசிஸ் என்பது வேறு. அது புற்றுநோய் வேறு உறுப்புக்குப் பரவியது. முதல் மூன்று எழுத்து ஒன்றாக இருப்பதால் பல குடும்பங்கள் தவறாகப் படித்துத் துடித்துப்போகின்றன.

கவனமாக நிற்க வேண்டிய சொல் டிஸ்பிளேசியா. செல்களின் வடிவமும் அடுக்கின் ஒழுங்கும் கெட்டிருக்கின்றன, ஆனால் எல்லையைத் தாண்டவில்லை. மைல்டு, மாடரேட், சிவியர் என்று மூன்று படி. கருப்பை வாயில் இதையே சி.ஐ.என். ஒன்று, இரண்டு, மூன்று என்று எழுதுவார்கள். மைல்டு என்று வந்ததால் நிம்மதியாகப் பாக்குப் பொட்டலத்தைப் பிரிக்காதீர்கள். பாக்கு, புகையிலை கலக்காமலேயே, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-இல் வகைப்படுத்திவிட்டது. இந்தப் படியில் பழக்கத்தை விட்டு, மருத்துவர் சொன்ன தேதியில் தவறாமல் காட்டுவதுதான் சிகிச்சையின் பெரும்பகுதி. ரிப்போர்ட்டில் எபிதீலியத்துக்குக் கீழே நார்த்திசு இறுகியிருப்பதாக, ‘சப்எபிதீலியல் ஃபைப்ரோசிஸ்’ என்று இருந்தால், பாக்கு போடுபவர்களுக்கு வாய் திறக்க முடியாமல் போகும் சப்மியூக்கஸ் ஃபைப்ரோசிஸ் நோயின் அடையாளமாக அது இருக்கலாம்.

‘கார்சினோமா இன் சிட்டு’ என்றால் எபிதீலியத்தின் முழுத் தடிமனிலும் கெட்ட செல்கள் உள்ளன, அடித்தளச் சவ்வு இன்னும் உடையவில்லை. ‘இன்வேசிவ்’ அல்லது ‘இன்ஃபில்ட்ரேட்டிங்’ என்றால் தாண்டிவிட்டது. கார்சினோமா என்பதே எபிதீலியத்தில் தோன்றிய புற்றுநோய்; தட்டைச் செல்களில் வந்தால் ஸ்குவாமஸ் செல் கார்சினோமா, சுரப்பிச் செல்களில் வந்தால் அடினோகார்சினோமா. ஆனால் ‘ஓமா’ என்று முடிவதெல்லாம் புற்றுநோய் இல்லை. பாப்பிலோமாவும் ஃபைப்ரோமாவும் சாதுவான கட்டிகள். குடலில் வரும் அடினோமா புற்றுநோய் அல்லாவிட்டாலும் விட்டுவைத்தால் மாறக்கூடியது என்பதால் அகற்றிவிடுவார்கள்.

‘வெல் டிஃபரன்ஷியேட்டட்’ என்றிருந்தால் நல்ல செய்தி என்று படிக்காதீர்கள். புற்றுச் செல்கள் மூலச் செல்லின் சாயலை இன்னும் இழக்கவில்லை என்பதே அதன் பொருள்; அதுவும் புற்றுநோய்தான், சிகிச்சை வேண்டும். ‘மார்ஜின் பாசிட்டிவ்’ என்றால் வெட்டிய விளிம்பில் கெட்ட செல்கள் இருக்கின்றன. முழுவதும் எடுத்த பயாப்சியில் இது முக்கியம். சோதனைக்காக ஓரத்தில் கிள்ளி எடுத்ததில் இப்படி வருவது எதிர்பார்த்ததே.

‘நோ எவிடன்ஸ் ஆஃப் மாலிக்னன்சி’ என்று வந்தும் புண் ஆறாமல் வளர்ந்துகொண்டே போனால் ரிப்போர்ட்டைக் காட்டி வாதிடாதீர்கள். அந்தச் சிறு துண்டில் இல்லை என்றுதான் அது சொல்கிறது. ‘கிளினிக்கல் கோரிலேஷன்’ தேவை என்று கீழே எழுதுவது இதற்காகவே: நோயாளியை நேரில் பார்த்த மருத்துவர் இரண்டையும் சேர்த்து முடிவு செய்ய வேண்டும். இணையத்தில் தேடிக்கொண்டிருக்காமல் அன்றே அவரிடம் போங்கள்.

8. பிளாக்கையும் ஸ்லைடையும் கேட்டு வாங்குங்கள்

பெரிய சிகிச்சைக்கு முன் இன்னொரு நோய்க்குறியியல் மருத்துவரின் கருத்தைக் கேட்பது வழக்கம். புற்றுநோய் மருத்துவமனைகள் பெரும்பாலும் வெளி ரிப்போர்ட்டை அப்படியே ஏற்காமல், தாங்களே ஸ்லைடைப் பார்த்த பிறகுதான் தொடங்கும். அதற்கு மறுபடி சதை வெட்டத் தேவையில்லை. பிளாக்கும் ஸ்லைடும் (சாயமேற்றிய கண்ணாடித் தகடு) போதும். நோயாளி அல்லது அவர் எழுதிக் கையெழுத்திட்ட கடிதத்துடன் நீங்கள், அடையாள அட்டையுடன் போய்க் கேளுங்கள். ஆய்வகங்கள் பொதுவாக ஒரு பதிவேட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு தரும். மருத்துவ ஆவணங்களை மருத்துவர்கள் சிகிச்சை தொடங்கியதிலிருந்து மூன்று ஆண்டு வைத்திருக்க வேண்டும், கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று இந்திய மருத்துவக் கழகத்தின் 2002-ஆம் ஆண்டு நெறிமுறைகள் சொல்கின்றன. தயங்குபவர்களிடம் இதை மரியாதையாக எடுத்துச் சொல்லலாம்.

வாங்கும்போது பிளாக்கின் மேல் உள்ள எண்ணும் ரிப்போர்ட்டில் உள்ள எண்ணும் ஒன்றா என்று பாருங்கள். பல பிளாக் இருந்தால் கட்டி உள்ள பிளாக் எது என்று எழுதி வாங்குங்கள், ஐ.எச்.சி. செய்ய அதுதான் வேண்டும். ஸ்லைடுக்குப் பெட்டி கேளுங்கள், காகிதத்தில் சுற்றினால் உடையும். பிளாக் மெழுகு. சித்திரை வெயிலில் நிறுத்திய காருக்குள் அதை விட்டுச் செல்லாதீர்கள், உருகினால் உள்ளே இருக்கும் சதையும் சேதமாகலாம். ரயிலில் போனால் பெட்டிப் படுக்கையோடு சேர்க்காமல் கைப்பையில் வையுங்கள். புதிய மருத்துவமனையில் ஒப்படைக்கும்போது எத்தனை பிளாக், எத்தனை ஸ்லைடு, எப்போது திருப்பித் தருவார்கள் என்று எழுதிய ரசீது பெற்று, அதைச் சதை எடுத்த நாளின் முதல் ரசீதோடு ஒரே உறையில் வையுங்கள்.